பாடம் சொல்வதும் நானே, விசுவாசம் சொல்வதும் நானே. சந்தேகம் வந்தால் பிள்ளை யாரிடம் போவாள்?

மூவரின் அம்மா

எல்லோருக்கும் ஸ்தோத்திரம். இது கொஞ்சம் நீளும், பொறுமையாகப் படியுங்கள். சுருக்கிச் சொன்னால் என் மகளைத் தப்பாக நினைத்துவிடுவீர்கள், அது எனக்கு வேண்டாம்.

ஏழு வருடமாக எங்கள் பிள்ளைகள் வீட்டில்தான் படிக்கிறார்கள். பெரியவளுக்கு 13 வயது, பையனுக்கு 9, சின்னவளுக்கு 6. வெள்ளிக்கிழமை என்றால் வீட்டில் டெஸ்ட். கணக்கு, அறிவியல், மொழி, கடைசியில் வேதபாடம். வேதபாடத்தில் அந்த வாரத்து மனப்பாட வசனமும் வினாவிடையில் (விசுவாசத்தைக் கேள்வி-பதிலாகச் சொல்லித் தரும் புத்தகம்) ஒரு கேள்வியும் வரும். பத்துக்கு மார்க். எல்லாத் தாளையும் ஒரே சிவப்புப் பேனாவால் திருத்துவேன்.

மூன்று வாரத்துக்கு முன் நான் கேட்டிருந்த கேள்வி, ‘விசுவாசம் என்றால் என்ன?’ பெரியவள் விசுவாசத்துக்கு விளக்கம் சொல்லும் எபிரெயர் 11:1 வசனத்தை ஒரு எழுத்துப் பிசகாமல் எழுதியிருந்தாள். டிக் அடித்து, பத்துக்குப் பத்து போட்டு, சந்தோஷமாக அடுத்த தாளை எடுக்கப் போனேன். அப்போதுதான் கவனித்தேன். தாளின் அடியில் பென்சிலால் பொடி எழுத்தில் ஒரு வரி. இரண்டு மூன்று தடவை அழித்துத் திரும்ப எழுதியதில் அந்த இடத்தில் தாளே நைந்திருந்தது. ‘இது பதில்மா. இது எனக்கு இருக்கான்னு நீங்க கேக்கல.’

அன்று ராத்திரி பாத்திரம் துலக்கும்போது கேட்டேன். முதலில் ஒன்றுமில்லை என்றாள். நான் கழுவிக் கொடுக்கக் கொடுக்க அவள் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தாள், என் முகத்தைப் பார்க்கவில்லை. அப்புறம் சொன்னாள்: “மத்த பிள்ளைங்க ஸ்கூல்ல டீச்சர்கிட்ட தப்பா பதில் சொன்னாகூட சாயங்காலம் வீட்டுக்கு வந்துடலாம்மா. நான் எங்க வர்றது?”

எனக்குக் கை ஓடவில்லை.

காரணம் எனக்குத் தெரியும். போன வருடம் என் மாமியார் படுக்கையில் விழுந்தபோது பதினோரு மாதம் பிள்ளைகள் தினமும் ஜெபித்தார்கள். ஜெபத்தை நடத்தியவள் பெரியவள்தான், நாங்கள் சொல்லாமலே அவளாக எடுத்துக்கொண்டாள். பாட்டி போய்விட்டார்கள். நான் “ஆண்டவருடைய சித்தம்” என்று சொன்னேன். அடுத்த திங்கட்கிழமை எட்டரை மணிக்குக் கணக்குப் புத்தகத்தைத் திறந்தேன். அந்த வாரமும் வெள்ளிக்கிழமை டெஸ்ட் வைத்தேன். இப்போது நினைத்தால் மனசு ஆறவில்லை.

எங்கள் வாரத்தைச் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் எங்கே இடறுகிறது என்று உங்களுக்குப் பிடிபடும். காலை ஏழு மணிக்குக் குடும்ப ஜெபம்: ஒரு பாட்டு, மாற்குவில் பாதி அதிகாரம், ஆளுக்கு ஒரு ஜெபம். பெரியவள் தனியாக நீதிமொழிகள் வாசிப்பாள்; அதில் 31 அதிகாரம் இருப்பதால் தேதிக்கு ஒன்று. எட்டரைக்குப் பாடம் ஆரம்பித்தால் பன்னிரண்டு பன்னிரண்டரைக்கு முடியும். மத்தியானம் கைவேலை, வாசிப்பு, விளையாட்டு. புதன்கிழமை பாடம் பாதிதான், நூலகத்துக்குப் போவோம், துணி மலையாகக் கிடக்கும். வெள்ளி டெஸ்ட், சனி வீடு சுத்தம், ஞாயிறு சபை. வீட்டுக்காரருக்கு ஷிப்ட் வேலை, அவர் இருக்கிற நேரம் வாரத்துக்கு வாரம் மாறும்.

வினாவிடையில் ஹைடல்பெர்க் என்ற புத்தகத்தை எடுத்திருக்கிறோம். 1563 இல் வந்தது, 129 கேள்விகள், வருடத்தின் 52 ஞாயிறுக்கும் பிரித்தே வைத்திருக்கிறார்கள், ஹோம்ஸ்கூலுக்கு வசதி. ஆனால் அதன் முதல் கேள்வியே வாழ்விலும் சாவிலும் ‘உன்’ ஒரே ஆறுதல் எது என்பதுதான். பதில் முழுக்க ‘நான்’, ‘என்’ என்றே போகும். அப்படி ஒரு பதிலை மனப்பாடமாக எழுத வைத்து அதற்கு மார்க்கும் போட்டிருக்கிறேன்.

நான் கேட்பது இதுதான். அவளுக்கு டீச்சர் நான், அம்மா நான், வேதம் சொல்லித் தருவதும் நான். மூன்றும் ஒரே ஆள். எனக்குப் பிடிக்காத பதிலைச் சொல்ல அவளுக்கு ஒரு இடம் எப்படி உண்டாக்குவது? இந்த நிலைமையில் இருந்தவர்கள் சொல்லுங்கள்.

இரண்டு மகன்களின் அப்பா

சிஸ்டர், முதலில் மனசைத் தளரவிடாதீர்கள். உங்கள் மகள் அந்த வரியை உங்களுக்குத்தான் எழுதினாள், ஒளித்து வைக்கவில்லை. அது நல்ல செய்தி.

ஆனால் ஒன்று வெளிப்படையாகச் சொல்கிறேன். இதற்காக மனப்பாடத்தையும் வினாவிடையையும் கைவிட்டுவிடாதீர்கள். நாங்கள் வெஸ்ட்மின்ஸ்டர் சுருக்க வினாவிடை நடத்துகிறோம், 107 கேள்விகள், மூத்தவன் எழுபதைத் தாண்டிவிட்டான். பிள்ளைக்குப் புரியாமல் எதற்கு என்று என் அண்ணனே கேட்டிருக்கிறார். என் அப்பா ஆஸ்பத்திரியில் கடைசி மூச்சு விட்டபோது நான் பக்கத்தில் நின்றேன். சொந்தமாக ஒரு வார்த்தை ஜெபிக்க எனக்கு வரவில்லை, நாக்கு ஒட்டிக்கொண்டது. எட்டு வயதில் என் அம்மா அடித்து மனப்பாடம் செய்யவைத்த 23 ஆம் சங்கீதம்தான் வந்தது, தானாக வந்தது. எட்டு வயதில் அது எனக்குப் புரியவும் இல்லை, பிடிக்கவும் இல்லை. பிள்ளைக்கு இன்றைக்குத் தேவைப்படாத வசனத்தை இன்றைக்கே போட்டு வைப்பது பெற்றோர் வேலை. உபாகமம் 6:7 ‘கருத்தாய்ப் போதித்து’ என்றுதான் சொல்கிறது.

13 வயதில் சந்தேகம் வரும், போகும். அஸ்திவாரம் இருந்தால் வீடு நிற்கும். இப்போது நீங்கள் தளர்த்தினால், அம்மாவுக்கே இது உறுதியில்லை போல என்று அவள் எடுத்துக்கொள்வாள். இது என் பயம், தப்பாக இருந்தால் திருத்துங்கள்.

வீட்டில் படித்தவள்

அக்கா, எனக்கு இப்போது 29. ஒன்றாம் வகுப்பிலிருந்து கடைசிவரை வீட்டில்தான் படித்தேன். உங்கள் மகள் இடத்தில் இருந்து பேசுகிறேன்.

எனக்கு 15 வயதில் எந்தக் கேள்விக்கும் பதில் தெரியும். திரித்துவம், இரட்சிப்பு, ஞானஸ்நானம், எதைக் கேட்டாலும் வசனத்தோடு சொல்வேன். சபைக்கு வரும் விருந்தாளிகள் முன்னால் என்னை நிறுத்திக் கேட்பார்கள், எல்லோரும் மெச்சுவார்கள், அம்மா முகம் மலரும். அந்த மலர்ச்சிக்காகத்தான் நான் சொன்னேன். உள்ளே ஒன்றுமில்லை என்று எனக்குத் தெரிந்தே ஆறு வருடம் நடித்திருக்கிறேன். அம்மா கெட்டவர் இல்லை, ரொம்ப நல்லவர், அதுதான் கஷ்டமே. ‘எனக்கு நம்பிக்கை வரலை’ என்று நான் சொன்னால் அவருடைய பத்து வருட உழைப்பு தோற்றுப்போனதாக ஆகிவிடும். ஸ்கூலுக்குப் போகும் பிள்ளைக்கு அந்தப் பாரம் இல்லை. அவள் அம்மா வேலையை விட்டுவிட்டு இவளுக்காக உட்கார்ந்திருக்கவில்லை.

என்னைக் காப்பாற்றியது எங்கள் சபையில் ஒரு வயதான அம்மா. துணி தைப்பார், நான் ஊசி கோர்த்துக் கொடுக்கப் போவேன். ஒருநாள் தையலிலிருந்து தலையைத் தூக்காமலே, “நீ ஜெபிக்கும்போது அந்தப் பக்கம் யாராவது இருக்கிற மாதிரி இருக்குதாம்மா?” என்று கேட்டார். நான் அழுதுவிட்டேன். அவர் வசனம் சொல்லவில்லை. அம்மாவிடமும் போய்ச் சொல்லவில்லை. அடுத்த வாரமும் ஊசி கோர்க்க வரச் சொன்னார், அவ்வளவுதான். நான் இன்றைக்கு ஆண்டவரை நேசிக்கிறேன், அதற்கு வழி அந்தத் தையல் மிஷின் பக்கத்தில்தான் திறந்தது.

அதனால் அக்கா, உங்கள் மகளுக்கு உங்களைத் தவிர இன்னொரு பெரியவர் வேண்டும். நீங்கள் நம்புகிற ஒருவராக இருக்கட்டும், ஆனால் அவர்கள் பேசுவதை நீங்கள் கேட்டு வாங்கக் கூடாது. அவளுக்கு ஆபத்து என்று தெரிந்தால் சொல்லச் சொல்லுங்கள், மற்றது அவர்களோடு போகட்டும். இது அம்மாவுக்குக் கஷ்டம், தெரியும்.

அந்த அண்ணனுக்கு ஒன்று. மனப்பாடம் வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன், இன்றும் ராத்திரி தூக்கம் வராவிட்டால் அதுதான் வருகிறது. ஆனால் உங்கள் அப்பா கட்டில் பக்கத்தில் அந்தச் சங்கீதத்துக்கு யாரும் மார்க் போடவில்லையே, அண்ணா.

மூவரின் அம்மா

தங்கச்சி, நீ எழுதியதை மூன்று தடவை படித்தேன். ‘அம்மா முகம் மலரும்’ என்ற இடத்தில் நிறுத்திவிட்டேன். என் மகளும் என் முகத்தைப் பார்த்துத்தான் பதில் சொல்கிறாள் என்று இத்தனை வருடம் எனக்குத் தோன்றவே இல்லை.

பிரதர், உங்கள் பயம் எனக்கும் இருக்கிறது. தளர்த்தினால் முழுக்கக் கழன்றுவிடுமோ என்று. ஆனால் நான் இறுக்கிப் பிடித்திருந்த காலத்தில்தானே அவள் உள்ளே தனியாக இருந்திருக்கிறாள்.

புதிதாக ஆரம்பிப்பவள்

அக்கா, குறுக்கே வருகிறேன், மன்னியுங்கள். என் பிள்ளைகளுக்கு 7, 4. அடுத்த மாதம் வீட்டில் ஆரம்பிக்கப் போகிறோம், எனக்கு இப்போதே கை நடுங்குகிறது. மூன்று வெவ்வேறு வயதுப் பிள்ளைகளுக்கும் மூன்றரை மணி நேரத்தில் எப்படி முடிகிறது? வேதபாடம் மூவருக்கும் சேர்த்தா, தனித்தனியா?

மூவரின் அம்மா

முடிகிறது தங்கச்சி, ஏனென்றால் வரிசை மாற்றவும் அட்டெண்டன்ஸ் எடுக்கவும் நாற்பது பிள்ளைகளை அடக்கவும் நேரம் போவதில்லை. கணக்கை முதலில் வை, தலை தெளிவாக இருக்கும்போது. சின்னவளுக்கு ஒரு பாடம் இருபது நிமிடத்துக்கு மேல் போகாது. இதை ஷார்லட் மேசனிடமிருந்து எடுத்துக்கொண்டேன். 1842 இல் பிறந்து 1923 வரை வாழ்ந்த பிரிட்டிஷ் கல்வியாளர், வீட்டுக்கல்விக்காரர்கள் அவரை விடாமல் பேசுவார்கள். சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் குறுகியதாக இருக்க வேண்டும், ஒரே ஒரு தடவை வாசித்துக் காட்டிவிட்டுப் பிள்ளையைத் தன் வாயால் திருப்பிச் சொல்ல விட வேண்டும் என்பது அவர் முறை. கதை, வரலாறு, வேதம் மூன்றும் நாங்கள் சேர்ந்தே உட்கார்ந்து இப்படித்தான் செய்கிறோம். கணக்கும் மொழியும் மட்டும் தனித்தனி. பெரியவள் தானாகப் படிக்கும் நேரத்தில் நான் சின்னவளோடு, பையன் அந்த நேரத்தில் எதையாவது உடைத்துக்கொண்டு இருப்பான். முதல் வாரமே எல்லாம் ஒழுங்காக ஓடும் என்று எதிர்பார்க்காதே, முதல் மாதம் கணக்கும் வாசிப்பும் நடந்தால் போதும்.

சட்டத்தை மட்டும் முதலில் பார்த்துவிடு, நாட்டுக்கு நாடு வேறு. ஜெர்மனியில் பள்ளிக்கூடம் போவது கட்டாயம், இன்னும் சில இடங்களில் பெயர் பதிந்து வருடா வருடம் கணக்குக் காட்ட வேண்டும்.

திருப்பிச் சொல்வது பற்றி ஒன்று சொல்கிறேன், அது இந்தப் பேச்சோடும் சேரும். போன வாரம் யோனா நாலாம் அதிகாரம் வாசித்தேன். நினிவே நகரம் அழியவில்லையே என்று கோபித்து ஊருக்கு வெளியே உட்கார்ந்திருக்கும் யோனாவுக்கு ஆமணக்குச் செடி ஒரே ராத்திரியில் முளைத்து நிழல் தருகிறது, மறுநாள் கிழக்கு வெளுக்கும்போது பூச்சி அரித்துவிடுகிறது. சின்னவளைச் சொல்லச் சொன்னேன். செடி வரைக்கும் சரியாகச் சொன்னாள், அங்கே நின்றுவிட்டாள். “அந்தச் செடி என்னம்மா தப்பு பண்ணுச்சு?”

வழக்கமாக நான் “அது முக்கியமில்லடா, ஆண்டவர் யோனாவுக்குப் பாடம் சொல்றாரு” என்று மேலே போயிருப்பேன். அன்றைக்கு வாயை மூடிக்கொண்டேன். பையன் சொன்னான், செடி தப்பு பண்ணலை, யோனாதான் பண்ணினான். சின்னவள், “அப்ப யோனாவைல்ல கடிக்கணும்?” அப்போது பெரியவள், அதுவரை ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தவள், மெதுவாகச் சொன்னாள்: “பாட்டியும் ஒண்ணும் பண்ணலை.”

அறை அமைதியாகிவிட்டது. நான் ஒரு பதிலும் சொல்லவில்லை. அந்த அதிகாரத்தின் கடைசி வசனத்தைத் திரும்ப வாசித்தேன். இத்தனை நாள் எனக்கு உறைக்கவில்லை, யோனா புத்தகம் ஒரு கேள்வியில்தான் முடிகிறது. நினிவேயின் லட்சத்து இருபதினாயிரத்துக்கு மேற்பட்ட மனிதர்களையும் அத்தனை மிருக ஜீவன்களையும் சொல்லி, நான் பரிதபியாமலிருப்பேனோ என்று கர்த்தர் கேட்கிறார், அதோடு முடிந்தது. யோனா என்ன பதில் சொன்னான் என்று எழுதவே இல்லை. “பதில் இல்லாமலே விட்டுட்டாங்களே” என்றாள் பெரியவள். ஆமாம் என்றேன்.

ஞாயிறுபள்ளி ஐயா

அம்மா, இருபத்தாறு வருடமாக ஞாயிறுபள்ளி நடத்துகிறேன். அந்த மௌனத்துக்காக உங்களைப் பாராட்டுகிறேன். எனக்கு அதைக் கற்றுக்கொள்ளப் பத்து வருடம் ஆயிற்று.

இங்கே அஸ்திவாரம் ஒரு பக்கம், கேள்வி இன்னொரு பக்கம் என்று நிற்கிறது பேச்சு. வேதத்தில் அப்படிப் பிரித்து வைக்கவில்லை. பஸ்காவை ஏற்படுத்தும்போதே யாத்திராகமம் 12:26 இல் பிள்ளையின் கேள்விக்கு இடம் ஒதுக்கியிருக்கிறது: இந்த ஆராதனையின் கருத்து என்ன என்று உங்கள் பிள்ளைகள் கேட்கும்போது இப்படிச் சொல்லுங்கள் என்று. யோர்தான் ஆற்றைக் கடந்ததன் நினைவாகக் கல் நாட்டியதும் அதற்குத்தான், பிற்காலத்தில் பிள்ளை பார்த்துவிட்டுக் கேட்க வேண்டும் என்று. முதலில் கேள்வி வருகிறது, பதில் அதற்குப் பின்னால் வருகிறது. நாம்தான் பிள்ளை கேட்காத கேள்வியையும் நாமே கேட்டுப் பதிலையும் நாமே கொடுத்துவிடுகிறோம்.

வினாவிடைப் புத்தகங்களையும் குறை சொல்ல முடியாது. 1529 இல் சபைச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லுத்தர் எழுதிய சிறிய ஞானோபதேசம் என்ற வினாவிடை, குடும்பத் தலைவன் தன் வீட்டாருக்குச் சொல்லிக்கொடுப்பதற்கென்றே எழுதியது. அதில் திரும்பத் திரும்ப வரும் கேள்வி, இதற்கு அர்த்தம் என்ன என்பது. அதை உயிருள்ள கேள்வியாகக் கேட்டால் நல்லது. பரீட்சைக் கேள்வியாக்கினால் செத்துவிடும்.

உயிர்த்தெழுந்த இயேசுவைக் கண்ணால் பார்க்காமல் நம்ப மாட்டேன் என்ற சீஷன் தோமாவைப் பற்றி நாம் எப்போதும் ஒரே மாதிரி பேசுகிறோம், சந்தேகப்பட்டான், கண்டிக்கப்பட்டான் என்று. யோவான் 20:26 ஐ நிதானமாகப் படியுங்கள். எட்டு நாளைக்குப் பின்பு சீஷர்கள் மறுபடியும் வீட்டுக்குள்ளே இருந்தார்கள், தோமாவும் அவர்களோடு இருந்தான். நம்ப மாட்டேன் என்று முகத்துக்கு நேரே சொன்னவனை அந்த எட்டு நாளும் அவர்கள் வெளியே அனுப்பவில்லை, அவனும் போகவில்லை. நம்பியவர்களும் நம்பாதவனும் ஒரே கூரைக்குக் கீழே. அம்மா, இப்போது உங்கள் வீட்டில் நடப்பது அந்த எட்டு நாள்தான் என்று நினைக்கிறேன்.

நடைமுறைக்கு ஒன்று. மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் தாயார் சுசன்னா பத்தொன்பது பிள்ளைகளைப் பெற்றார், பலர் குழந்தையிலேயே இறந்துவிட்டார்கள். பிழைத்தவர்களுக்கு வீட்டில் அவரே பாடம் சொன்னார். கண்டிப்பான தாய், அதில் சந்தேகமில்லை. ஆனால் அதற்கு வெளியே வாரத்தில் ஒவ்வொரு பிள்ளையோடும் தனியாகப் பேச ஒரு சாயங்காலம் வைத்திருந்தார். ஜானுக்கு வியாழக்கிழமை. வளர்ந்து ஆக்ஸ்போர்டில் ஆசிரியராக ஆன பிறகும் அந்த வியாழக்கிழமை நேரத்தைக் கேட்டு அம்மாவுக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். உங்களுக்கு மூன்று பிள்ளைகள்தான், மூன்று சாயங்காலம்.

துக்கத்தில் இருக்கிற பிள்ளைக்கு 88 ஆம் சங்கீதத்தைக் கொடுங்கள். 13 ஆம் சங்கீதம் ‘எதுவரைக்கும்’ என்று ஆரம்பித்தாலும் ஆறு வசனத்தில் பாட்டாக மாறிவிடும். 88 மாறவே மாறாது. நண்பனும் தோழனும் தூரமாய்ப் போனதைச் சொல்லியே முடிகிறது. நம்பிக்கை என்று சொல்ல அதில் இருப்பதெல்லாம் முதல் வசனத்தில் அவன் கர்த்தரைக் கூப்பிடுவது மட்டும்தான். அதையும் வேதத்தில் சேர்த்து வைத்திருக்கிறார்கள்.

இரண்டு மகன்களின் அப்பா

ஐயா, தோமாவை நான் அப்படிப் படித்ததே இல்லை. ஏற்றுக்கொள்கிறேன்.

தங்கச்சி, மார்க் விஷயத்தில் நீ கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. யோசித்துப் பார்த்தேன், எங்கள் அம்மாவும் மார்க் போடவில்லை. சொல்ல வைத்தார், தப்பினால் அடித்தார், அவ்வளவுதான். அந்த அடியையும் நான் என் பிள்ளைகளுக்குக் கொடுக்கவில்லை.

நானும் மனசில் கிடப்பதைச் சொல்லிவிடுகிறேன். மூத்தவனுக்கு 12. ஆதியாகமத்தில் ஆண்டவர் ஆறு நாளில் உலகைப் படைத்ததைப் பற்றிக் கேட்டுக்கொண்டே இருக்கிறான். அறிவியல் புத்தகத்தில் நட்சத்திரத்தின் வெளிச்சம் இங்கே வந்து சேரக் கோடிக்கணக்கான வருடம் என்று இருக்கிறது, அப்பா ஆறு நாள் என்கிறாரே என்று. நான் ஆறு நாளை அப்படியே நம்புகிறவன், இன்றும் நம்புகிறேன். போன மாதம் அவன் திரும்பக் கேட்டபோது, ‘வேதத்தையே சந்தேகப்படுகிறாயா’ என்று குரலை உயர்த்திவிட்டேன். அன்றிலிருந்து அவன் கேட்பதில்லை. கேட்காமல் இருப்பதை அடங்கிவிட்டான் என்று எடுத்துக்கொண்டேன். இங்கே படித்ததும் வயிற்றைப் பிசைகிறது.

வீட்டில் படித்தவள்

அண்ணா, அவனிடம் திரும்பப் போங்கள். நீங்கள் நம்புவதை விட வேண்டாம். இதில் விசுவாசிகளுக்குள்ளேயே ஒரே கருத்து இல்லை என்பதை மட்டும் மறைக்காதீர்கள். இன்றைக்குப் பெருவெடிப்பு என்று சொல்வதற்கு வழி திறந்த ஜார்ஜ் லெமெய்த்ர் பெல்ஜியத்துக் கத்தோலிக்கப் பாதிரியார். பேரண்டம் விரிகிறது என்று 1927 இல் கட்டுரை எழுதினார். பட்டாணிச் செடியை வைத்து மரபியலுக்கு அடிப்படை போட்ட மெண்டல் மடத்துத் துறவி. அறிவியல் பிறப்பதற்கு வெகு காலம் முன்னாலேயே, 1600 வருடத்துக்கு முன், ஆதி சபையின் பெரிய போதகர் அகஸ்டின் ஆதியாகமத்தின் நாட்களை நம்முடைய சாதாரண நாட்களாக எடுக்கவில்லை. சாதாரண நாள்தான் என்று உறுதியாகச் சொன்னவர்களும் உண்டு, லுத்தர் அவர்களில் ஒருவர்.

இதை யாரும் எனக்கு வீட்டில் சொல்லவில்லை. ஒரே ஒரு கதவுதான் இருக்கிறது, அதைத் தாண்டினால் விசுவாசம் முழுவதும் போச்சு என்று நினைத்திருந்தேன். 19 வயதில் ஒரு புத்தகத்தில் லெமெய்த்ர் பாதிரியார் என்று படித்தபோது, எனக்கு ஏன் இதை மறைத்தார்கள் என்றுதான் முதலில் கோபம் வந்தது. மறைத்திருக்க மாட்டார்கள், அவர்களுக்கே தெரிந்திருக்காது. ஆனால் பிள்ளைக்கு அந்த வித்தியாசம் தெரியாது அண்ணா.

இரண்டு மகன்களின் அப்பா

அகஸ்டினை நான் ஏற்கவில்லை. ஆனால் பையனிடம் பேசுவேன். குரலை உயர்த்தியதற்கு மன்னிப்பு கேட்டுவிட்டு ஆரம்பிக்கிறேன்.

மூவரின் அம்மா

ஐந்து வாரம் கழித்து வருகிறேன், நடந்ததைச் சொல்லிவிட வேண்டும் என்று.

வெள்ளி டெஸ்ட் இருக்கிறது, அதில் வேதபாடம் இல்லை. வசனம் படிக்கிறோம், வினாவிடையும் நடக்கிறது, ஆனால் வாயால் மட்டும், நாலு பேரும் சேர்ந்து, நானும் மனப்பாடம் செய்கிறேன். நான்தான் அதிகம் தப்புவிடுகிறேன், பையனுக்கு அதில் பரம சந்தோஷம்.

செவ்வாய் சாயங்காலம் பையனுக்கு, வெள்ளி சின்னவளுக்கு, வியாழன் பெரியவளுக்கு. பையனின் நேரம் முழுக்கச் சைக்கிள் செயின் பற்றித்தான் போகிறது, போகட்டும். பெரியவளோடு நடக்கப் போவோம். எதிரே உட்கார்ந்தால் அவள் பேச மாட்டாள், பக்கத்தில் நடந்தால் பேசுவாள். முதல் வியாழக்கிழமை ஒரு வார்த்தையும் இல்லை. இரண்டாவது வாரமும் இல்லை. எனக்கு நாக்கு துடித்தது, அடக்கிக்கொண்டேன்.

மூன்றாவது வாரம் திரும்பி வரும்போது கேட்டாள்: “உங்களுக்கு எப்பவாவது நம்பிக்கை இல்லாம போயிருக்காம்மா?”

மழுப்ப வாய் வந்தது. ஆனால் உண்மையைச் சொன்னேன். பாட்டி போன அன்றைக்கு மறுநாளிலிருந்து கிட்டத்தட்ட ஒரு மாதம், காலை ஏழு மணிக்கு நான் ஜெபித்தது எல்லாம் கூரையைத் தாண்டிப் போகிற மாதிரியே எனக்கு இல்லை. பிள்ளைகள் கண்மூடி உட்கார்ந்திருக்கிறார்களே என்று வாய் மட்டும் பேசியது. திங்கட்கிழமை கணக்குப் புத்தகத்தைத் திறந்தது எனக்குத் தைரியம் இருந்ததால் இல்லை, வேறு என்ன செய்வது என்று தெரியாததால். மாற்கு 9:24 இல் மகனுக்குச் சுகம் கேட்டு இயேசுவிடம் வந்த அந்தத் தகப்பன் ‘விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்’ என்று கதறுவானே, எனக்கு அந்த மாதம் அந்த இரண்டாவது பாதி மட்டும்தான் வந்தது என்றேன்.

அவள் நின்றுவிட்டாள். “அப்ப ஏன் என்கிட்ட சொல்லலை? நான் மட்டும்தான்னு நினைச்சேன்.”

நடுத்தெருவில் நின்று இரண்டு பேரும் அழுதோம். நான் மன்னிப்பு கேட்டேன். அவளுக்காக என் சந்தேகத்தை மறைத்தேன் என்று நினைத்திருந்தேன், அவளைத் தனியாக விட்டிருக்கிறேன்.

ஞானஸ்நான ஆயத்த வகுப்பு வருகிறது, அவள் வயதுப் பிள்ளைகள் எல்லாம் சேர்கிறார்கள். போதகரிடம் போய், இந்த வருடம் வேண்டாம் ஐயா, அவளாகக் கேட்கும்போது அனுப்புகிறேன் என்று சொன்னேன். சரிம்மா என்றார், காரணம் கேட்கவில்லை. சபையில் இரண்டு பேர் கேட்டார்கள், பதில் சொன்னேன்.

தங்கச்சி, நீ சொன்ன அந்த இன்னொரு ஆள்: வீட்டுக்காரரின் அக்கா ஒத்துக்கொண்டார்கள். அவளுக்கு அத்தை என்றால் சின்ன வயதிலிருந்தே உயிர். சனிக்கிழமை வீட்டு வேலை முடித்துவிட்டுப் போகிறாள், இரண்டு மணி நேரம். என்ன பேசினீர்கள் என்று நான் கேட்பதில்லை. கேட்காமல் இருக்க முதல் சனிக்கிழமை நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

ஐயா, 88 ஆம் சங்கீதத்தை அவள் ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறாள். நான் எழுதச் சொல்லவில்லை. ஜெபத்தில் அவள் முறை வரும்போது இன்னும் ‘பாஸ்’ என்றுதான் சொல்கிறாள், நாங்கள் அடுத்தவருக்குப் போய்விடுகிறோம். சின்னவள் ஒருநாள் தானும் ‘பாஸ்’ என்றாள், அக்காவைப் பார்த்து. அதற்கும் ஒன்றும் சொல்லவில்லை.

இரண்டு மகன்களின் அப்பா

சிஸ்டர், வாசித்தேன். நானும் மூத்தவனிடம் மன்னிப்பு கேட்டேன். அவன் உடனே ஒரு தாளை எடுத்து வந்தான், அதில் பதினாலு கேள்வி. கேட்காமல் இருந்த நாட்களில் எழுதி வைத்திருக்கிறான். நாலுக்குத்தான் எனக்குப் பதில் தெரிந்தது. மீதியை ஞாயிறு மத்தியானம் ஒவ்வொன்றாக எடுக்கிறோம், இப்போது ஆறாவதில் இருக்கிறோம்: நோவாவின் பேழையில் மீன்கள் ஏன் இல்லை, அப்படியென்றால் மீன்கள் பாவம் செய்யவில்லையா என்று. ஐயா, இதற்கு யாராவது வழி சொல்லுங்கள்.

ஞாயிறுபள்ளி ஐயா

அதை முதலில் அவனிடமே திருப்பிக் கேளுங்கள், அவன் என்ன நினைக்கிறான் என்று. என் வகுப்பிலும் ஒரு பையன் இதைக் கேட்டிருக்கிறான். ஆதியாகமம் 7:22 இல் வெட்டாந்தரையில் உண்டான, நாசியில் சுவாசமுள்ளவை எல்லாம் மாண்டன என்று இருக்கிறது, அந்த வசனத்தை இருவரும் சேர்ந்து தேடிப் பிடியுங்கள். பாவம் பற்றிய கேள்விக்கு அது போதாது, அதற்கு அடுத்த ஞாயிறும் வேண்டியிருக்கும். அந்தச் செடியைக் கேட்ட சின்னப் பாப்பாவையும் இந்தப் பையனையும் ஒரே வகுப்பில் உட்கார வைத்துப் பார்க்க எனக்கு ஆசையாக இருக்கிறது.